பெஸ் 2013-ஐ ஏன் இன்னும் விடவில்லை? நல்லதையும் குறையையும் கதைப்போம்

இரணைமடு எட்டு எழுதியது:

ஜப்பானியக் கம்பனி கொனாமியின் உதைபந்தாட்ட வீடியோ கேமான பெஸ் 2013 வெளிவந்தது 2012 செப்ரெம்பரில். கிளிநொச்சியில் எங்கள் பக்கத்துப் பெடியங்கள் பின்னேரம் மைதானத்தில் விளையாடிவிட்டு, இருட்டியதும் இன்றைக்கும் அதைத்தான் போடுகிறார்கள். புதிய கேமை ஓடவைக்கும் கொம்பியூட்டர் எங்களிடம் இல்லை, அது ஒரு காரணம். ஆனால் வீட்டில் புதியது வைத்திருப்பவனும் வந்து இதில்தான் குந்துகிறான். ஏன் என்று வடிவாகக் கதைக்க வேண்டும் என்றுதான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

என் நிலைப்பாடு இதுதான். ஒரு உதைபந்தாட்டக் கேம் உண்மையாக இருக்கிறதா என்று அறிய வீரரின் முகத்தையோ தலைமயிரையோ பார்க்கத் தேவையில்லை. பிழை விட்டால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். உடம்பு ஒரு பக்கம் திரும்பியிருக்க, பந்தை மறு பக்கம் கொடுத்தால் அது பிசக வேண்டும். முழு வேகத்தில் ஓடுகிறவனுக்குப் பந்து காலை விட்டுத் தள்ளிப் போக வேண்டும். பழக்கமில்லாத காலால் அடித்தால் கம்பத்துக்கு வெளியே போக வேண்டும். பெஸ் 2013 இல் இவை நடக்கின்றன. அதனால்தான் அதில் போடும் கோலுக்கு ஒரு பெறுமதி இருக்கிறது.

அந்தப் பதிப்பில் பாஸ், அடி இரண்டையுமே முழுக்க எங்கள் கைக்கு விட்டுவிட்டார்கள். கொன்ட்ரோலரில் உள்ள எல்2 பொத்தானை அமத்திக்கொண்டு பாஸ் கொடுத்தால் கேம் உதவிக்கு வராது, திசையும் பலமும் உங்களுடையவை. பழகும் வரைக்கும் பந்து வெளியேதான் போகும். பழகிய பிறகு பின்களத்தைப் பிளந்து ஒரு பந்து போனால், அதைக் கொடுத்தது நீங்கள்தான் என்று உறுதியாகச் சொல்லலாம். அதோடு ஒவ்வொரு பெரிய வீரருக்கும் தனி நடை கொடுத்திருக்கிறார்கள். நெதர்லாந்து வீரர் ரொபன் வலது பக்கத்தால் வந்து இடது காலுக்கு உள்ளே வெட்டுவார். என்ன செய்யப் போகிறார் என்று தெரிந்தும் மறிக்க ஏலாது, நிசத்திலும் அப்படித்தானே இருந்தது!

இன்னொன்று, வீரர்களின் பெயருக்குப் பக்கத்தில் வரும் அம்புக்குறி. மேல் நோக்கிய சிவப்பு அம்பு இருந்தால் அன்றைக்கு அவர் நல்ல நிலையில் இருக்கிறார். கீழ் நோக்கி இருந்தால், எவ்வளவு பெரிய வீரராக இருந்தாலும் உட்காரவைக்க யோசிக்க வேண்டும். எங்கள் கழகத்தில் போன கிழமை மூன்று பேரை வெட்டி ஓடியவன் இந்தக் கிழமை பந்தை நிப்பாட்டவே கஷ்டப்படுகிறான். இதைக் கணக்கில் எடுத்த கேம் எனக்குப் பிடிக்கும்.

குறைகளும் உண்டு. மத்தியஸ்தர் கனக்க விசயங்களைக் கண்டுகொள்வதில்லை. உரிமை இல்லாததால் செல்சிக் கழகம் 'லண்டன் எஃப்சி' என்ற பெயரில் வருகிறது, ஜேர்மன் லீக்கே இல்லை. சம்பியன்ஸ் லீக் உரிமை மட்டும் அப்போது கொனாமியிடம் இருந்தது. உங்கள் கருத்துகளை எழுதுங்கள்.

வவுனியா வின்கர் எழுதியது:

அண்ணை, பிழைக்குத் தண்டனை இருக்க வேண்டும் என்ற உங்கள் அளவுகோலை நானும் ஏற்கிறேன். ஆனால் அந்த அளவுகோலால், ஃபீஃபா கேம்களை வெளியிட்ட ஈஏ கம்பனியையும் அளக்க வேண்டும். 2011 இல் வந்த ஃபீஃபா 12 இல் இரண்டு வீரர்கள் முட்டும்போது வேகம், உடம்புப் பலம், முட்டிய கோணம் எல்லாவற்றையும் அந்தந்த நேரம் கணக்கிட்டு விழுத்தினார்கள். முதல் வருடம் சும்மா பக்கத்தால் போனவனும் கால் பின்னி விழுந்தான் என்பது உண்மை. ஆனால் அந்தப் பாதைதான் சரியானது. அடுத்த வருடம் ஃபீஃபா 13 இல் முதல் தொடுகையைக் கடினமாக்கினார்கள். பலமாக வரும் பந்தைத் திறமை குறைந்தவனால் காலடியில் நிப்பாட்ட முடியாது. நீங்கள் சொல்லும் விசயத்தையே அவர்களும் அதே காலத்தில் செய்துகொண்டிருந்தார்கள்.

நான் இப்போது விளையாடுவது ஈஏ-யின் எஃப்சி 24. ஃபீஃபா என்ற பெயர் போன பிறகு, 2023 இல் வந்த முதல் பதிப்பு. 19,000-க்கு மேற்பட்ட வீரர்கள், 700-க்கு மேற்பட்ட அணிகள். 180-க்கு மேற்பட்ட நிசப் போட்டிகளிலிருந்து வீரர்களின் அசைவைப் பதிவு செய்து சேர்த்ததாக ஈஏ சொல்கிறது. நோர்வே வீரர் ஹாலண்ட் ஓடும் விதத்தைப் பார்த்தால் அது விளங்கும். பெயர் மாற்றி 'லண்டன் எஃப்சி' என்று ஒன்றை வைத்துக்கொண்டு லீக் ஆடுவதும், உண்மையான பெயர், உண்மையான மைதானம், உண்மையான பாட்டோடு ஆடுவதும் ஒன்றல்ல. உதைபந்தாட்டம் என்பது கால் மட்டுமில்லை, கழகமும்தான்.

அதன் குறையையும் சொல்கிறேன். வேகத்துக்குக் கொடுக்கும் மதிப்பு அதிகம். ஓரத்தால் ஓடும் வேகமான வின்கர் ஒருவனைக் கோல் எல்லைக் கோடு வரைக்கும் ஓடவிட்டு, பின்னுக்கு இழுத்துக் கொடுத்தால் ஒரே மாதிரிக் கோல்கள் விழுந்துகொண்டே இருக்கும். நானும் மைதானத்தில் வின்கர்தான், கோட்டுக்குப் போவதற்குள் எத்தனை தரம் மறிக்கப்படுகிறோம் என்று எனக்குத் தெரியும். பிறகு கொம்பியூட்டரில் 100 ஜிபி இடம். எங்கள் இணைப்பில் அதை இறக்கி முடிப்பது லேசுப்பட்ட விசயமில்லை.

கம்பத்தடி எழுதியது:

இரண்டு பேருமே அடிக்கிறவனின் பக்கம் நின்றுதான் கதைக்கிறீர்கள். நான் முல்லைத்தீவுக் கரையோர அணி ஒன்றுக்குப் பந்துக்காப்பாளராக நின்றவன். என் கண்ணுக்கு இந்தக் கேம்கள் எல்லாவற்றிலும் பலவீனமான இடம் கோல் வாசல்தான்.

பெஸ் 2013 காப்பாளர் பாய்வது வடிவு, அதில் குறையில்லை. ஆனால் தட்டிவிடும் பந்து எதிராளியின் காலுக்கே போய் விழுகிறது. நாங்கள் முதலில் பழகுவதே பந்தைப் பக்கவாட்டில் தட்டத்தான். நேரே முன்னால் தட்டினால் பயிற்சியாளர் விடமாட்டார். அதோடு காப்பாளரின் வேலையில் முக்கால்வாசி பந்து வருவதற்கு முன்னமே முடிந்துவிடும். "இடது பக்கம் ஆள் வாறான், பார்!", "நீ முன்னுக்குப் போகாதே!" என்று கத்திக்கொண்டே பின்களத்தை நிறுத்துகிறவன் அவன். கேமில் உள்ள காப்பாளர் ஊமை. முக்கோணப் பொத்தானை அமத்தினால் வெளியே ஓடி வருவார், அவ்வளவுதான். எப்போது வெளியே வருவது, எந்த இடத்தில் நின்று கோணத்தைச் சுருக்குவது என்ற முடிவுதான் காப்பாளரின் திறமை. அது ஒற்றைப் பொத்தானில் அடங்காது.

அடுத்தது, பெஸ் 2013 இல் காற்று இல்லை. இதை ஒருவரும் ஏன் கதைப்பதில்லை என்று எனக்கு விளங்கவில்லை. மழை இருக்கிறது, பனி கூட இருக்கிறது, காற்றைக் காணோம். எங்கள் கரையில் சோளகம் எழும்பினால் ஒரு பாதியில் கோல் உதை நடுக் கோட்டைத் தாண்டாது, மறு பாதியில் அதே உதை எதிர்க் காப்பாளரின் தலைக்கு மேலால் போகும். நாணயம் சுண்டி எந்தப் பக்கம் எடுப்பது என்பதே ஆட்டத்தின் பாதி. முதல் பாதியில் காற்றோடு ஆடி இரண்டு கோல் எடுத்து வைத்தால்தான் பிறகு தாக்குப்பிடிக்கலாம். கேமில் நாணயம் சுண்டுவதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே பக்கம்தான்.

இரணைமடு எட்டு எழுதியது:

கம்பத்தடி அண்ணை, காற்று விசயம் நூற்றுக்கு நூறு சரி. தரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்னர் வந்த பெஸ் பதிப்புகளில் போட்டிக்கு முன்னம் புல்லின் நீளம், தரையின் ஈரம் இரண்டையும் தெரிவு செய்யலாம். ஈரத் தரையில் பந்து வழுக்கிக்கொண்டு போகும். அது நல்ல சேர்ப்பு. ஆனால் அது ஐரோப்பிய மைதானத்தின் ஈரம். மாரியில் எங்கள் மைதானத்தில் பந்து ஒரு இடத்தில் வழுக்கும், நாலடி தள்ளித் தேங்கின தண்ணிக்குள் அப்படியே நின்றுவிடும். கோடையில் காய்ந்த தரையில் எந்தப் பக்கம் எழும்பும் என்று சொல்ல ஏலாது. எங்கள் பெடியங்கள் பந்தை உருட்டிக் கொடுப்பதை விட எழுப்பிக் கொடுக்கவே பழகியதற்குக் காரணம் தரைதான். கேமில் தரை எல்லா இடமும் ஒரே மாதிரி இருப்பதால், உருட்டிக் கொடுக்கும் ஆட்டம் அங்கே எப்போதும் வெல்கிறது.

வின்கர் தம்பி, உரிமைகள் பற்றி நீங்கள் எழுதியதை மறுக்கவில்லை. ஆனால் 'லண்டன் எஃப்சி'யை எடிற் பகுதிக்குள் போய்ச் செல்சியாக மாற்றலாம், உலகம் முழுக்க ரசிகர்கள் அதைச் செய்து கொடுத்திருக்கிறார்கள். பந்தின் நடத்தையை அப்படி மாற்ற முடியாது.

மாங்குளம் பீரி எழுதியது:

நான் பாடசாலையில் விளையாட்டுப் பாடம் எடுப்பவன். பிள்ளைகளுக்கு ஓப்சைட் விளங்கப்படுத்த இந்தக் கேமைப் பாவித்திருக்கிறேன். மைதானத்தில் விளங்கப்படுத்தினால் பாதிப் பேர் பந்தைப் பார்ப்பார்கள், பாதிப் பேர் கோட்டைப் பார்ப்பார்கள். திரையில் ஆட்டத்தை நிறுத்தி, மறுபடி ஓடவிட்டு, பந்து காலை விட்டுப் போகும் கணத்தில் முன்கள வீரன் எங்கே நிற்கிறான் என்று காட்டினால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். மேலிருந்து பார்க்கும் கமெரா, எங்கள் பிள்ளைகளுக்கு வேறெங்கும் கிடைக்காத ஒன்று. அணி விரிந்து நிற்பதும் குறுகி நிற்பதும் அதில் தெரியும்.

ஆனால் ஒரு விசயம் என்னைக் கவலைப்படுத்துகிறது. கேமில் பதினொரு பேரையும் ஒரே மூளை இயக்குகிறது. பந்து யாரிடம் இருக்கிறதோ அவர்தான் நீங்கள். பந்து போனதும் நீங்களும் அடுத்தவரிடம் போய்விடுகிறீர்கள். நிச ஆட்டத்தில் ஒரு வீரனுக்குப் பந்து காலில் இருக்கும் நேரம் மிகக் கொஞ்சம், மீதி நேரம் முழுக்கப் பந்தில்லாமல் சரியான இடத்தில் நிற்பதுதான் வேலை. அந்த மீதியைக் கேம் தானே செய்து தருவதால் பிள்ளைகளுக்கு அது ஒரு வேலையாகவே தெரிவதில்லை. மைதானத்துக்கு வந்தும் பந்துக்குப் பின்னால் எல்லாரும் ஒன்றாக ஓடுகிறார்கள்.

இதற்கு மருந்தும் கேமுக்குள்ளேயே இருக்கிறது. பெஸ்ஸில் ஒரே வீரனாக மட்டும் ஆடும் முறை உண்டு, ஃபீஃபாவிலும் உண்டு. அதை எடுத்தால் நீங்கள் இடது பின்கள வீரர், அவ்வளவுதான். பந்து வராது. வராத பந்துக்காக நிற்கப் பழகவேண்டும், ஆள் முன்னே போனால் வெற்றிடம் எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்கு முதலில் அலுப்படிக்கும். ஆனால் என் கணிப்பில் இந்தக் கேம்களில் உண்மைக்கு மிகக் கிட்ட இருப்பது அதுதான்.

அப்புறம், ஓடும் பொத்தானை விடாமல் அமத்தும் பழக்கம். பெஸ் 2013 இல் அதற்குத் தண்டனை உண்டு. இரண்டாம் பாதியில் களைப்புக் கோடு இறங்கி, ஆள் தள்ளாடுவான். வெய்யிலில் விளையாடும் எங்கள் பிள்ளைகளுக்கு இது நல்ல பாடம்.

வவுனியா வின்கர் எழுதியது:

சேர், நாலு பேர் ஒரே அணியில் ஆளுக்கொரு கொன்ட்ரோலர் வைத்து ஆடினால் நீங்கள் சொல்லும் பிரச்சினை பாதி தீர்ந்துவிடும். அப்போது கதைத்துக் கதைத்துத்தான் ஆட வேண்டும். கம்பத்தடி அண்ணை கேட்ட கத்தலும் அங்கே வந்துவிடும்!

புதுக்குடியிருப்பு பதினொன்று எழுதியது:

இவ்வளவு நேரமாக எல்லாரும் பெடியங்களைப் பற்றியே எழுதுகிறீர்கள். நான் எங்கள் மாவட்டத்தில் பெண்கள் அணியில் ஆடுகிறேன். பெஸ் 2013-ஐ நானும் தம்பியோடு சேர்ந்து கனகாலம் விளையாடினேன், பந்தின் நடத்தை பற்றி இரணைமடு அண்ணை எழுதியது சரி. ஆனால் அதில் ஒரு பெண் வீராங்கனை கூட இல்லை. உண்மைத்தன்மை என்று இவ்வளவு கதைக்கும்போது, விளையாடுகிற பெண்கள் ஒருவரையும் காணவில்லை என்பதைக் குறையாக ஒருவரும் எழுதவில்லையே.

ஈஏ 2015 இல் ஃபீஃபா 16 இல் 12 தேசியப் பெண்கள் அணிகளைக் கொண்டுவந்தது. ஃபீஃபா 23 இல் இங்கிலாந்து, பிரான்ஸ் பெண்கள் லீக்குகள் வந்தன, அதன் அல்டிமேற் பதிப்பின் அட்டைப் படத்தில் எம்பாப்பேயோடு அவுஸ்திரேலிய வீராங்கனை சாம் கேர். எஃப்சி 25 இல்தான் பெண்கள் கழகம் ஒன்றை எடுத்துப் பல பருவங்கள் நடத்தும் வாய்ப்பு கிடைத்தது. மெதுவாகத்தான் வந்தார்கள், ஆனால் வந்தார்கள். எங்கள் அணியில் உள்ள சின்னப் பிள்ளைகள் ஸ்பெயின் வீராங்கனை பொன்மட்டி எப்படிப் பந்தை வாங்கித் திரும்புகிறார் என்று திரையில் பார்த்து அதையே பயிற்சியில் செய்து பார்க்கிறார்கள். மெஸ்ஸியைப் பார்த்துப் பெடியங்கள் செய்வது போலத்தான். இது லேசான விசயமில்லை. பயிற்சிக்கு விடத் தயங்குகிற ஒரு தாய், மகள் திரையில் காட்டும் நிரம்பிய மைதானத்தைப் பார்த்துவிட்டு "இதெல்லாம் பெட்டையளா விளையாடுகினம்?" என்று கேட்டால், அந்தக் கேள்வியிலேயே ஒரு மாற்றம் தொடங்குகிறது.

பந்து எஃப்சியில் கொஞ்சம் லேசாகக் காலில் ஒட்டுகிறது என்பது என் கருத்தும்தான். இருந்தாலும் இரண்டில் ஒன்றை எங்கள் பிள்ளைகளுக்குக் கொடு என்றால் நான் எஃப்சியைத்தான் கொடுப்பேன்.

இரணைமடு எட்டு எழுதியது:

தங்கச்சி, இந்தக் குறை முதல் வரியிலேயே வந்திருக்க வேண்டியது. கொனாமிக்கு இதில் சொல்ல ஒரு சாட்டும் கிடையாது.

பூநகரி நடுக்களம் எழுதியது:

பணம் பற்றிக் கதைக்காமல் இந்தக் கேம்களைப் பற்றிக் கதைக்க முடியாது. ஈஏ-யில் அல்டிமேற் ரீம் என்று ஒரு பகுதி. வீரர்கள் அடங்கிய பொதியைக் காசு கொடுத்து வாங்கலாம், உள்ளே யார் இருப்பார் என்று தெரியாது. இது சூதாட்டம் என்று 2018 இல் பெல்ஜியம் முடிவெடுத்தது. அடுத்த வருடம் ஜனவரி கடைசியோடு ஈஏ அந்த நாட்டில் காசுக்குப் புள்ளிகள் விற்பதை நிப்பாட்டியது. எங்கள் நாட்டில் யாரும் கேட்பதில்லை. திறமையால் வெல்லும் ஆட்டத்தில் பணத்தால் வெல்லலாம் என்று வந்தால், பந்து எவ்வளவு நிசமாக உருண்டும் பயனில்லை.

கொனாமியும் குறைந்தவர்களில்லை. 2021 செப்ரெம்பர் 30 இல் பெஸ் என்ற பெயரையே விட்டுவிட்டு இஃபுட்போல் 2022 என்று இலவசமாக வெளியிட்டார்கள். ஒன்பது கழகங்கள் மட்டும், கண்ணும் வாயும் கோணிய முகங்கள், ஆளை ஆள் ஊடுருவி ஓடும் வீரர்கள். அடுத்த நாளே மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. ஒழுங்கான பதிப்பு 2022 ஏப்ரலில்தான் வந்தது. இன்றைக்கு எங்கள் ஊரில் போனில் அதிகம் விளையாடப்படுவது அதுதான், கெட்ட கேம் என்று சொல்லமாட்டேன். ஆனால் இணைப்பு இல்லாவிட்டால் அது திறக்காது. சிக்னல் ஒரு கோடு வந்து போகும் இடத்தில் இருந்துகொண்டு, 88 ஆம் நிமிடத்தில் ஆட்டம் அறுந்தால் தோல்வி எங்கள் கணக்கில் விழும்.

2022 மார்ச் கடைசியில் நாட்டில் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நாட்கள் நினைவிருக்கும். கரண்ட் வந்த கொஞ்ச நேரத்தில் எங்களுக்கு உடனே திறந்து விளையாடக்கூடியதாக இருந்தது பெஸ் 2013 மட்டும்தான். புதுப்பிப்பு இறக்கு, உள்நுழை என்று அது கேட்காது. நான்கு பேர் பக்கத்தில் பக்கத்தில் இருந்து ஆடலாம். இதையும் பலம் என்றுதான் எழுதுவேன்.

மல்லாவி மறியல் எழுதியது:

எல்லாம் சரி, கடைசி நிமிடக் கோல்கள் பற்றி ஒருவரும் எழுதவில்லை. பெஸ்ஸில் ரொப் பிளேயர் என்ற கடினமான நிலையில் கொம்பியூட்டரோடு ஆடினால், 1-0 என்று முன்னணியில் இருக்கும்போது கடைசி ஐந்து நிமிடம் என் வீரர்கள் மரமாக நிற்கிறார்கள். கேம் முன்னமே முடிவெடுத்துவிட்டது என்பது என் எண்ணம். இது உண்மைத்தன்மையா?

மாங்குளம் பீரி எழுதியது:

தம்பி, அந்த நேரத்தில் களைப்புக் கோட்டைப் பார்த்தீர்களா? ஆட்டம் முழுக்க ஓடும் பொத்தானை அமத்தி வைத்திருந்தால் பின்களம் கடைசியில் நகராது. தோற்றுக்கொண்டிருக்கும் கொம்பியூட்டர் அணியோ ஆட்களை முன்னுக்குத் தள்ளிவிடுகிறது. நிச ஆட்டத்திலும் கடைசி நேரக் கோல்கள் விழுவது இப்படித்தான். 70 ஆம் நிமிடத்தில் இரண்டு பின்களத்தவரை மாற்றிவிட்டு மறுபடி ஆடிப் பாருங்கள். ஈஏ-யும் தன் கேமில் அப்படி ஆட்டத்தைத் திருப்பும் ஏற்பாடு இல்லை என்று வெளிப்படையாகவே மறுத்திருக்கிறது.

மல்லாவி மறியல் எழுதியது:

ஆட்களை மாற்றிப் பார்க்கிறேன் சேர். ஆனால் கம்பனி மறுத்ததை மட்டும் வைத்து நான் நம்பமாட்டேன்.

கம்பத்தடி எழுதியது:

ஒன்றை விட்டுவிட்டோம். இந்த எந்தக் கேமிலும் இலங்கை அணி இல்லை. இந்தியாவின் ஐஎஸ்எல் (இந்தியன் சுப்பர் லீக்) கழகங்கள் ஃபீஃபாவில் வந்தன, எங்களுக்கு ஒன்றுமில்லை. அதனால் நாங்கள் எடிற் பகுதியில் எங்கள் கழகத்தையே உருவாக்கி வைத்திருக்கிறோம். நிறம், சின்னம், இலக்கம் எல்லாம் சரி. புள்ளி போடும்போதுதான் பெரிய விவாதம். யாருக்கு எவ்வளவு வேகம், யாருக்கு இடது கால் பலவீனம் என்று எல்லாரையும் இருத்தி வைத்து ஆளுக்காள் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். முன்கள வீரன் ஒருவனுக்குத் தலையால் முட்டும் திறனுக்குக் குறைந்த புள்ளி போட்டோம். அவன் கோபித்துக்கொண்டு போய் அடுத்த நாளிலிருந்து பயிற்சியில் மூலை உதைக்கெல்லாம் உள்ளே ஓடி வந்தான். எனக்கு இதைவிடப் பெரிய பலம் தேவையில்லை.

இரணைமடு எட்டு எழுதியது:

அண்ணை, அந்தக் கழகத்தை எங்களுக்கும் அனுப்புங்கள், நாங்களும் எங்களுடையதைச் செய்துவிட்டோம். வாற ஞாயிறு பின்னேரம் ஆட்டம் முடிந்ததும் போட்டி வைப்போம். பாஸ் முழுக்கக் கையால், வேகம் ஒரு படி குறைத்து, பாதிக்கு ஐந்து நிமிடம், ஒரு அணிக்கு இரண்டு பேர். தங்கச்சி, உங்கள் அணியையும் உருவாக்கிக் கொண்டு வாருங்கள். வீராங்கனை முகங்கள் அதில் இல்லை, பெயரையும் புள்ளியையும் சரியாகப் போடலாம்.

புதுக்குடியிருப்பு பதினொன்று எழுதியது:

வருகிறோம். ஆனால் ஒரு நிபந்தனை, அடுத்த ஞாயிறு எஃப்சியில் எங்கள் போட்டி. வின்கர் தம்பி தன் லப்டொப்பைக் கொண்டு வந்தால் ஆடலாம்.

வவுனியா வின்கர் எழுதியது:

கொண்டு வருகிறேன் அக்கா. கொன்ட்ரோலர் இரண்டுதான் என்னிடம் இருக்கிறது, அதில் ஒன்றில் ஓடும் பொத்தான் இறுகிக் கிடக்கிறது. யாரிடமாவது நல்லது இருந்தால் எடுத்து வையுங்கள்.